பேச்சுமூச்சோடு ஓடுங்கள்: முதல் மராத்தானுக்கு மெதுவாகத் தயாராவது

பிடோக் நீர்த்தேக்கத்தை ஒரு முறை சுற்றி வந்தால் 4.3 கிலோமீட்டர். மராத்தான் ஓடப் போகிறேன் என்று வீட்டில் தண்டோரா போட்டுவிட்டு நான் ஓடப் போன முதல் காலை, அதில் பாதிகூட முடியவில்லை. முழங்காலில் கையூன்றிக் குனிந்து நின்றேன். அப்போது ஐம்பது வயது தாண்டிய ஓர் அக்கா வந்தார். தலையில் தொப்பி, கையில் சின்னத் துண்டு. நடை என்றும் சொல்ல முடியாது, ஓட்டம் என்றும் சொல்ல முடியாது, அப்படி ஒரு வேகம். தொடக்கத்திலேயே அவரை நான் ஜம்மென்று முந்தி வந்திருந்தேன்.

"என்ன தம்பி, முடியலையா? எந்த புளோக்கு நீங்க?" என்று கேட்டார். பதில் சொல்ல வாயைத் திறந்தேன், மூச்சு மட்டும்தான் வந்தது. "புளோக் நம்பர் சொல்ல முடியலன்னா வேகம் ஜாஸ்தி தம்பி" என்று சொல்லிவிட்டு, கால் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தார்.

அவர் நான்கு மராத்தான் முடித்தவர் என்பது பிறகுதான் தெரிந்தது. அதன்பின் நான் எவ்வளவோ படித்தேன், யார் யாரிடமோ கேட்டேன். முதல் மராத்தானுக்கு ஒருவர் தெரிந்துகொள்ள வேண்டியதில் முக்கால்வாசி அந்த ஒரு வரியிலேயே இருந்தது. மிச்சம் கால்வாசி ஷூ, வாசலின், வாழைப்பழம்.

நம் சிங்கப்பூரில் பலருக்கு ஓட்டம் என்றாலே 2.4 கிலோமீட்டர்தான். பள்ளியில் ஓடியது அது, தேசிய சேவையில் ஓடியது அது, அதற்கப்புறமும் வருடா வருடம் ஐபிபிடி என்ற உடல்தகுதித் தேர்வுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடுவதும் அதுதான். பத்துப் பன்னிரண்டு நிமிடம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி, முடிந்ததும் புல்தரையில் சாய்வதுதான் ஓட்டம் என்று உடம்பு பழகிப் போயிருக்கிறது. அந்தப் பழக்கத்தோடு மராத்தானுக்கு வருகிறவர், அதையே பதினேழு மடங்கு செய்ய வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறார். உண்மையில் இரண்டும் வேறு வேறு விளையாட்டு.

மராத்தான் தூரம் 42.195 கிலோமீட்டர். நம் தீவு கிழக்கிலிருந்து மேற்காக ஏறக்குறைய 50 கிலோமீட்டர்தான். சாங்கிப் பக்கம் கிளம்பினால் துவாஸ் பக்கம் போய்ச் சேருகிற தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 195 மீட்டர் எங்கிருந்து வந்தது? 1908 லண்டன் ஒலிம்பிக்கில், வின்ட்சர் அரண்மனையில் தொடங்கி அரங்கத்தில் அரச குடும்பத்தார் அமர்ந்திருந்த இடத்துக்கு முன்னால் முடிகிற மாதிரி பாதை போட்டார்கள். அந்த அளவே 1921இல் உலகம் முழுவதற்கும் நிலையான அளவாகிவிட்டது. கடைசி இருநூறு மீட்டரில் கால் பின்னும்போது யாரைத் திட்டுவது என்று தெரிந்திருக்கட்டுமே என்றுதான் சொல்லி வைக்கிறேன்.

சரி, ஏன் மெதுவாக ஓட வேண்டும்? உடம்புக்குள் இரண்டு வகை விறகு இருக்கிறது. ஒன்று சுள்ளி. சோறு, இட்லி, ரொட்டி, பழம் என்று நாம் சாப்பிடும் மாவுச்சத்து, கிளைகோஜன் என்ற பெயரில் தசையிலும் கல்லீரலிலும் சேர்ந்திருக்கும். சட்டென்று பற்றும், சீக்கிரம் தீரும். இன்னொன்று கட்டை. அது உடம்பில் இருக்கும் கொழுப்பு. பற்ற நேரம் எடுக்கும், நிறைய பிராணவாயு கேட்கும், பற்றிக்கொண்டால் நின்று எரியும்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் ஒரு கலோரி செலவாகும் என்பது ஓட்டக்காரர்கள் வைத்திருக்கும் மேலோட்டமான கணக்கு. 70 கிலோ எடையுள்ளவர் 42 கிலோமீட்டர் ஓடினால் ஏறக்குறைய 2,950 கலோரி. உடம்பில் சேர்ந்திருக்கும் கிளைகோஜன் 400 முதல் 500 கிராம் வரை, அதாவது 1,600 முதல் 2,000 கலோரி. அதிலும் கைத்தசையில் இருப்பது காலுக்கு உதவாது, தசையில் சேர்ந்தது அந்தத் தசைக்கே. ஆக, சுள்ளியை மட்டும் நம்பினால் அடுப்பு நடுவழியில் அணைந்துவிடும். அதே ஆளிடம் பத்துக் கிலோ கொழுப்பு இருந்தால் (நம்மில் பலரிடம் தாராளமாகவே இருக்கும்) அது 70,000 கலோரிக்கு மேல். தீவை மேலும் கீழுமாகப் பலமுறை கடக்கலாம்.

வேகமாக ஓடினால் உடம்பு சுள்ளியை அள்ளி அள்ளிப் போடும். மெதுவாக ஓடினால் கட்டையைக் கூடுதலாக எரிக்கும், சுள்ளியை மிச்சம் பிடிக்கும். அவ்வளவுதான் விஷயம். மராத்தான்காரர்கள் முப்பதாவது கிலோமீட்டர் வாக்கில் சுவர் வருகிறது என்பார்கள். சுள்ளி தீர்ந்த இடம்தான் அந்தச் சுவர். கால் ஈயக் குண்டாகக் கனக்கும், மனம் சோரும், இரண்டும் மூன்றும் எத்தனை என்று கேட்டால் யோசிக்க வேண்டியிருக்கும். மனவலிமை போதவில்லை என்று தன்னைத்தானே நொந்துகொள்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மனம் என்ன செய்யும் பாவம், மூளைக்குப் போக வேண்டிய சர்க்கரையும் அல்லவா குறைந்திருக்கிறது.

மாதக்கணக்கில் மெதுவாக ஓடும்போது உள்ளே வேறு சில வேலைகளும் நடக்கின்றன. காலில் மெல்லிய ரத்தக் குழாய்கள் பெருகுகின்றன. தசையின் அணுக்களுக்குள் எரிபொருளைச் சக்தியாக்கும் மைட்டோகாண்ட்ரியா கூடுகின்றன. இதயம் ஒரு துடிப்பில் அதிக ரத்தத்தைத் தள்ளப் பழகுகிறது. கட்டையை எரிக்கும் திறன் வளர்வது இப்படித்தான். ஒரு வாரத்தில் நடக்கிற காரியம் இல்லை, அதனால்தான் பயிற்சிக்கு நான்கைந்து மாதம் கேட்கிறார்கள்.

எது மெதுவு? அக்கா சொன்னதுதான் அளவுகோல். பக்கத்தில் ஓடுகிறவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். தனியாக ஓடுகிறீர்களா, புளோக் எண், வீட்டு எண், அஞ்சல் குறியீடு என்று முகவரியை ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்கள். நடுவில் மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறையுங்கள். எண்ணில் வேண்டுமென்றால், 2.4 கிலோமீட்டரை 13 நிமிடத்தில் முடிப்பவர் ஒரு கிலோமீட்டருக்கு ஐந்து நிமிடம் 25 விநாடி எடுக்கிறார். அவருடைய நீண்ட ஓட்ட வேகம் ஒரு கிலோமீட்டருக்கு ஏழேகாலிலிருந்து எட்டு நிமிடம் வரை இருந்தாலும் அதில் தவறே இல்லை. இதை முதலில் கேட்கும் ஆண்கள் எல்லாருக்கும் முகம் சுருங்கும். எனக்கும் சுருங்கியது. பாட்டிமார்கள் முந்திப் போவார்கள், தள்ளுவண்டியோடு ஓடும் அப்பா முந்திப் போவார். போகட்டும்.

அந்த வேகத்திலும் மூச்சு வாங்கினால் நடந்து நடந்து ஓடுங்கள். மூன்று நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை, மறுபடி ஓட்டம். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய ஜெஃப் காலோவே என்ற அமெரிக்கர் பரவலாக்கிய முறை இது. களைத்த பிறகு நடப்பது வேறு, களைப்பதற்கு முன்னாலேயே முறைவைத்து நடப்பது வேறு. இரண்டாவதில் கால் புத்துணர்ச்சியோடு இருக்கும், கடைசியில் கூட்டிக் கழித்துப் பார்த்தால் நேரமும் பெரிதாக நஷ்டமாகாது.

வேகமாக ஓடத் தெரிந்தவர் நம்மிடையே இல்லாமல் இல்லை. முருகையா ரமேஷன் 1995 தென்கிழக்காசிய விளையாட்டுகளில் 2 மணி 24 நிமிடம் 22 விநாடியில் முடித்தார். கிலோமீட்டருக்கு மூன்று நிமிடம் 25 விநாடி வீதம். அந்தத் தேசியச் சாதனை 2019 வரை நிலைத்து நின்றது. ஐபிபிடி நாளில் நம்மில் முக்கால்வாசிப் பேர் உயிரைக் கொடுத்தாலும் வராத வேகம் அது. அதை நினைத்து ஆச்சரியப்படலாம், பயிற்சி நாளில் பின்பற்ற வேண்டியதில்லை.

இனி நாள்காட்டியை எடுத்துக்கொள்வோம். நம் ஊரின் பெரிய மராத்தான் டிசம்பரில் வருகிறது. ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட் சிங்கப்பூர் மராத்தான் என்று இன்று அறியப்படும் ஓட்டம். டிசம்பருக்கு என்றால் ஜூலையில் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். அந்த நேரத்தில் வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம், நடந்தோ ஓடியோ சிரமமில்லாமல் நகர முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லையென்றால் இந்த வருடம் பத்துக் கிலோமீட்டரோ அரை மராத்தானோ ஓடிவிட்டு அடுத்த வருடம் வாருங்கள். மராத்தான் எங்கும் ஓடிவிடாது.

நீரிழிவு, ரத்தக் கொதிப்பு, குடும்பத்தில் இதயநோய், எப்போதாவது நெஞ்சுவலியோ மயக்கமோ, இதில் ஏதாவது இருந்தால் பலதுறை மருந்தகத்திலோ உங்கள் வழக்கமான மருத்துவரிடமோ முதலில் காட்டுங்கள். நம்மவர்களிடம் நீரிழிவு எவ்வளவு சாதாரணம் என்று சொல்லத் தேவையில்லை. இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர் நீண்ட தூரம் ஓடினால் சர்க்கரை சட்டென்று இறங்கலாம், அதற்கு மருத்துவர் தனியாகக் கணக்குப் போட்டுத் தருவார்.

வாரத்துக்கு நான்கு ஓட்டம் போதும். மூன்று சின்னவை, ஒன்று நீளமானது. சின்னது என்றால் 5 முதல் 8 கிலோமீட்டர். பிறகு பிறகு அதில் ஒன்றில் கொஞ்சம் வேகம் சேர்க்கலாம், சேர்க்காவிட்டாலும் குடி முழுகிப் போகாது. நீண்ட ஓட்டம்தான் மராத்தானின் முதுகெலும்பு. சனியோ ஞாயிறோ வைத்துக்கொள்ளுங்கள். 8 கிலோமீட்டரில் தொடங்கி வாரம் ஒன்றோ இரண்டோ கூட்டிக்கொண்டே போய், ஒவ்வொரு நான்காவது வாரமும் நன்றாகக் குறைத்துவிட வேண்டும். 12, 14, 16, அப்புறம் 11. அடுத்து 18, 20, 22, அப்புறம் 15. இப்படி ஏறி இறங்கி, பந்தயத்துக்கு மூன்று வாரம் முன்னால் 28 முதல் 32 கிலோமீட்டருக்குள் உச்சத்தைத் தொட்டால் போதும். மெதுவாக ஓடுகிறவர் கிலோமீட்டரைப் பார்க்காமல் மூன்றரை மணி நேரத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், அதற்கு மேல் கிடைக்கும் பலனைவிடச் சேதம் அதிகம். 42ஐப் பயிற்சியிலேயே ஓடிப் பார்த்தால்தான் தைரியம் வரும் என்று சிலர் சொல்வார்கள். வேண்டவே வேண்டாம்.

குறைக்கும் வாரத்தைச் சோம்பேறித்தனம் என்று நினைத்து நான் ஒரு முறை விழுங்கிவிட்டேன். மூச்சும் இதயமும் சில வாரங்களில் தேறிவிடும். தசைநாணும் எலும்பும் அப்படி இல்லை, அவற்றுக்கு மாதக் கணக்கு. இந்த இடைவெளியில்தான் ஆபத்து: ஓட முடிகிறது என்று நெஞ்சு சொல்லும், கெண்டைக்கால் முன்னெலும்பு மாட்டேன் என்னும். என் இடது காலில் விரல் வைத்தால் துள்ளுகிற மாதிரி ஒரு புள்ளி. மூன்று வாரம் ஓட்டமே இல்லை, நீச்சல் குளத்தில் நின்றுகொண்டு வானத்தைப் பார்த்தேன். இரண்டு நாளில் ஆறுகிற தசைவலியைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். ஒரே இடத்தில் குத்துகிற வலி, நடக்கும்போதும் இருக்கிற வலி, நாளுக்கு நாள் கூடுகிற வலி, இந்த மூன்றுக்கும் நின்றுதான் ஆக வேண்டும். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவது மகா தப்பு. நீர் வற்றிய உடம்பில் ஐபுபுரூஃபன் மாதிரி மாத்திரைகள் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும்.

டிசம்பர் பந்தயத்துக்கான பயிற்சியில் இன்னொரு வேடிக்கை உண்டு. புகைமூட்டம் வந்தால் பெரும்பாலும் ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபரில்தான் வரும். காற்றுத் தரக் குறியீடு 100ஐத் தாண்டினால் ஆரோக்கியமற்ற நிலை, அன்று நீண்ட ஓட்டத்தைத் தள்ளிப் போடுங்கள் அல்லது உடற்பயிற்சிக் கூடத்து ஓட்டப்பொறியில் ஏறுங்கள். புரட்டாசி விரதம் வரும். கறியில்லாத மாதத்தில் பருப்பு, தயிர், முட்டை சாப்பிடுபவரானால் முட்டை, காப்பிக்கடையில் டோஃபு என்று புரதத்தைக் கவனித்துக்கொண்டால் போதும். அப்புறம் சரியாக 24, 26 கிலோமீட்டர் ஓட வேண்டிய வாரங்களில் தீபாவளி வந்து நிற்கும். எண்ணெய்க் குளியலுக்கும் முறுக்குக்கும் நடுவில் யார் மூன்று மணி நேரம் ஓடுவது? அந்த வாரத்தை முன்கூட்டியே குறைக்கும் வாரமாகக் குறித்துவிடுங்கள். திட்டத்தில் இருந்தால் குற்ற உணர்ச்சி இல்லை. பின்னாலேயே நவம்பரில் மழைக்காலம். மழையில் ஓடலாம், சொல்லப் போனால் சுகமாக இருக்கும். இடி முழங்கினால் மட்டும் மரத்தடியில் ஒதுங்காமல் புளோக்கின் கீழ்த்தளத்துக்குப் போய்விடுங்கள்.

வெப்பத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். பிற நாட்டுப் பயிற்சித் திட்டங்கள் நம்மைக் கைவிடுவது இங்கேதான். ஓடும்போது செலவாகும் சக்தியில் பெரும்பகுதி சூடாகத்தான் வெளியேறுகிறது. அந்தச் சூட்டை வியர்வைதான் இறக்கி வைக்கும், ஆனால் வியர்வை வழிவதால் உடம்பு குளிராது, ஆவியாகிப் போனால்தான் குளிரும். இங்கே விடியற்காலையில் வெப்பம் 25, 26 டிகிரிதான். ஆனால் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 90 விழுக்காட்டுக்கு மேல். ஏற்கெனவே ஈரமாக இருக்கும் காற்று உங்கள் வியர்வையை எங்கே வாங்கிக்கொள்ளும்? அது சட்டையை நனைத்து, கால்சட்டையை நனைத்து, ஒரு மணி நேரத்தில் ஷூவுக்குள் இறங்கிச் சளக் சளக் என்று சத்தம் போட ஆரம்பித்துவிடும். உள்சூடு ஏற ஏற உடம்பு ரத்தத்தைத் தோலுக்கு அனுப்பும். காலுக்குப் போகும் ரத்தம் குறையும், அதை ஈடுகட்ட இதயம் வேகமாகத் துடிக்கும். அதனால்தான் முதல் கிலோமீட்டரில் சுகமாக இருந்த அதே வேகம் பதினைந்தாவதில் பாரமாகிறது. கடிகாரத்தில் இருக்கும் வேகத்தை விடுங்கள், மூச்சைப் பாருங்கள். குளிர் நாட்டு நண்பர் ஓடும் நேரத்தோடு உங்களை ஒப்பிடவும் வேண்டாம்.

நாள் முழுவதும் குளிரூட்டிய அலுவலகத்தில் இருப்பவருக்கு இந்த ஊர் வெயிலும் அந்நியம்தான். பத்துப் பதினான்கு நாள் தொடர்ந்து வெளியில் ஓடினால் உடம்பு பழகும். வியர்வை சீக்கிரம் சுரக்கும், அதில் உப்பு குறையும், ரத்தத்தின் நீர் அளவு கூடும். அதற்காகப் பகல் பன்னிரண்டு மணிக்கு ஓடச் சொல்லவில்லை. காலை ஐந்தரை, ஆறு நல்ல நேரம்.

தண்ணீர் எவ்வளவு குடிப்பது? ஓடுவதற்கு முன்னும் ஓடிவிட்டுத் துடைத்த பின்னும் எடையைப் பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் குடித்ததற்கு மேல் ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்த்திருக்கிறது. இரண்டு மூன்று முறை பார்த்தால் உங்கள் கணக்கு உங்களுக்குப் பிடிபடும். முழுவதையும் ஓடும்போதே ஈடுகட்ட வேண்டியதில்லை, தாகத்துக்குக் குடித்தால் பெரும்பாலும் சரியாக வரும். பயந்துபோய் மடக் மடக்கென்று குடிப்பதிலும் ஆபத்து இருக்கிறது. வெறும் தண்ணீரை அளவுக்கு மேல் குடித்தால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப் போய்த் தலைவலி, வாந்தி, குழப்பம் என்று போய், உயிருக்கே வினையாகலாம். ஐந்து, ஆறு மணி நேரம் ஓடும் புதியவர்களுக்குத்தான் இது அதிகம் நேர்கிறது, குடிக்க அவர்களுக்குத்தானே நேரம் நிறைய இருக்கிறது. அதனால் உப்புள்ள பானத்தையும் தண்ணீரையும் மாற்றி மாற்றிக் குடியுங்கள். 100 பிளஸ் எந்தக் கடையிலும் கிடைக்கும்.

கூட ஓடுகிறவர் உளறினால், தள்ளாடினால், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால் அது வெப்பத்தாக்கமாக இருக்கலாம். வியர்த்துக்கொண்டிருக்கிறாரே என்று ஏமாந்துவிடாதீர்கள், வியர்க்கும்போதும் வெப்பத்தாக்கம் வரும். நிழலில் கிடத்தி, கையில் கிடைக்கும் தண்ணீரை, பனிக்கட்டியை எல்லாம் மேலே கொட்டிக் குளிர வையுங்கள், 995ஐ அழையுங்கள். குளிர வைப்பதுதான் முதல் வேலை.

எங்கே ஓடுவது என்ற கேள்வி இந்த ஊரில் எழவே கூடாது. நகர் முழுக்கப் பூங்கா இணைப்புப் பாதைகள். ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரை ஏறக்குறைய 15 கிலோமீட்டர் நீளம், சமதளம், கழிப்பறையும் குளியலறையும் வழி நெடுக உண்டு. நீண்ட ஓட்டத்தில் கழிப்பறை எங்கே இருக்கிறது என்பது நிலக்காட்சியைவிட முக்கியம், ஓடிப் பார்த்தால் புரியும். சைக்கிள்காரர்கள் மட்டும் ஜாக்கிரதை. உட்லண்ட்ஸிலிருந்து தஞ்சோங் பகார் வரை மலாயா ரயில் ஓடிய தடத்தில், 2011இல் ரயில் நின்ற பிறகு, 24 கிலோமீட்டர் ரயில் பாதை நடைவழி வந்திருக்கிறது. நிழலும் நிம்மதியும் அங்கே கிடைக்கும், தண்ணீர் கையில் இருக்கட்டும். மெக்ரிட்சி காட்டுப் பாதை மேடு பள்ளம், மராத்தானுக்கு நேரடித் தேவையில்லை. ஆனால் தொடைக்கு நல்லது, குரங்குக்குப் பை காட்டாமல் ஓடினால் போதும்.

பொருட்கள் விஷயத்தில் இந்த விளையாட்டு மலிவானது என்பார்கள், கடைக்காரர் அனுமதித்தால். நான் முதலில் வாங்கிய ஷூ, கடையில் "கரெக்ட் சைஸ்" என்று அழுத்திச் சொல்லிக் கொடுத்தது. இருபதாவது கிலோமீட்டரில் இரண்டு பெருவிரல் நகமும் நாவல்பழ நிறத்துக்குப் போயின. நீண்ட ஓட்டத்தில் கால் வீங்கும். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். மாலையில், ஓடும்போது போடும் காலுறையோடு போய்ப் போட்டுப் பாருங்கள். 500 முதல் 800 கிலோமீட்டருக்குள் அடிப்பஞ்சு செத்துவிடும், ஆகவே பந்தயத்துக்கு நான்கு வாரம் முன்னால் புதிதாக வாங்கிப் பழக்குங்கள். பருத்திக் காலுறை வேண்டாம். தொடை இடுக்கு, அக்குள், ஆண்களுக்கு மார்புக் காம்பு, இங்கெல்லாம் தாராளமாக வாசலின். வெட்கப்பட்டு விட்டுவிட்டால் வெள்ளைச் சட்டையில் இரண்டு சிவப்புக் கோடு வரும், குளிக்கும்போது அலறுவது பக்கத்து வீடு வரை கேட்கும்.

சாப்பாட்டுக்கு வருவோம். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் போகும் எந்த ஓட்டத்திலும் வழியில் சாப்பிடப் பழக வேண்டும். மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து என்பது பொதுவான அளவு. கடையில் விற்கும் ஜெல் ஒன்றில் பெரும்பாலும் 20, 25 கிராம் இருக்கும். சுள்ளி தீருவதற்கு முன்னாலேயே கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக்கொண்டே இருக்கும் உபாயம் இது. பசிக்கும் வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும், முப்பது நாற்பது நிமிடத்துக்கு ஒரு முறை எடுங்கள். ஜெல் பிடிக்காதவர் பேரீச்சம்பழம், வாழைப்பழம் சாப்பிடலாம். எனக்கு இரண்டு பேரீச்சம்பழம், ஒரு வாய் தண்ணீர் சரியாக இருக்கிறது. ஜெல் எடுத்தால் வயிற்றில் கடமுடா.

ஓடுவதற்கு முன் பசியாறுவதும் பயிற்சிதான். இட்லி இரண்டு மூன்று, சர்க்கரையோ கொஞ்சம் சட்னியோ தொட்டு, இரண்டு மணி நேரத்துக்கு முன்னால். தோசை எண்ணெய் இல்லாமல் என்றால் சரி. பிராட்டா வேண்டாம். காப்பி குடிக்கிறவர் குடிக்கலாம், வயிற்றைக் கிளம்பும் முன்பே காலி செய்து கொடுக்கும். முந்தின இரவு சோறும் ரசமும், கொஞ்சம் மீனோ பருப்போ. மட்டன் பிரியாணியை ஓடி முடித்த பிறகு தேக்காவில் பார்த்துக்கொள்வோம். எதைச் செய்தாலும் பயிற்சி ஓட்டத்தில் செய்து பார்த்ததையே பந்தய நாளிலும் செய்யுங்கள். அன்று காலை இலவசமாகக் கிடைக்கும் புது ஜெல், புதுச் சட்டை, நண்பர் நீட்டும் தைலம், எல்லாவற்றுக்கும் கையெடுத்துக் கும்பிடு.

கடைசி மூன்று வாரம் தூரத்தைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். பலருக்கு இதுதான் கஷ்டமான காலம். ஓடாத காலுக்கு இல்லாத வலியெல்லாம் வரும், மழையில் யார் தும்மினாலும் நமக்குக் காய்ச்சல் வந்துவிடுமோ என்று தோன்றும். எடை ஒன்றிரண்டு கிலோ கூடும். கிளைகோஜன் சேரும்போது ஒரு கிராமுக்கு மூன்று கிராம் தண்ணீரையும் சேர்த்துக்கொண்டுதான் சேரும், ஆகவே அந்த எடை நல்ல அறிகுறி. விட்ட ஓட்டங்களை இந்த வாரங்களில் ஓடி ஈடுகட்டப் பார்க்காதீர்கள், அந்த ரயில் போய்விட்டது.

ரயில் என்றதும் நினைவு வருகிறது. இங்கே முழு மராத்தான் பெரும்பாலும் விடியலுக்கு வெகு முன்பே தொடங்கும். 2019இல் மாலை ஆறு மணிக்கு வைத்துப் பார்த்தார்கள், அதன் பிறகு நாலரை மணி வாக்கில். டிசம்பரில் சூரியன் ஏழு மணிக்குச் சற்று முன்தான் எழும், ஆகவே முதல் இரண்டு மணி நேரம் தெருவிளக்கில்தான் ஓட்டம். எம்ஆர்டியின் வழக்கமான முதல் ரயில் ஐந்தரை வாக்கில் என்பதால், ஏற்பாட்டாளர்கள் அறிவிக்கும் சிறப்புப் போக்குவரத்தையோ டாக்சியையோ முதல் நாளே பார்த்து வையுங்கள். இரண்டு மணிக்கு எழ வேண்டும். அன்று தூக்கம் வராது, யாருக்கும் வராது. அதற்கு முந்தின இரவு நன்றாகத் தூங்கியிருந்தால் போதும்.

தொடங்கும் இடத்தில் இசை அதிரும், கூட்டம் தள்ளும், இருட்டில் குளுகுளுவென்று இருக்கும், மூன்று வாரம் ஓய்வெடுத்த கால் குதிரையாகத் துள்ளும். இந்த இடத்தில்தான் அத்தனை மாதப் பயிற்சியையும் ஆட்கள் கோட்டை விடுகிறார்கள். முதல் பத்துக் கிலோமீட்டரில் கிலோமீட்டருக்கு முப்பது விநாடி சேமித்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போடுவோம். அந்தச் சேமிப்பை முப்பதாவது கிலோமீட்டரில் கந்துவட்டியோடு பிடுங்கிக்கொள்வார்கள். முதல் அரை மணி நேரம் எல்லாரும் உங்களைத் தாண்டிப் போவது போல இருந்தால் நீங்கள் சரியாக ஓடுகிறீர்கள் என்று அர்த்தம். முகவரியை ஒரு முறை சொல்லிப் பாருங்கள்.

நீர்ப் பந்தல்களில் ஓடிக்கொண்டே குடித்தால் மூக்கில்தான் போகும். கோப்பையின் வாயை நசுக்கிப் பிடித்து, நடந்துகொண்டே குடித்துவிட்டு மறுபடி ஓடுங்கள். வெயில் ஏறிய பிறகு தலையிலும் கழுத்திலும் ஊற்றிக்கொள்ளுங்கள். இருபத்தைந்துக்கு மேல் மொத்தத் தூரத்தை நினைக்காதீர்கள், அடுத்த நீர்ப் பந்தல் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். 32, 33 வாக்கில் எனக்கு எல்லாக் கடவுளும் நினைவுக்கு வந்தார்கள். முன்னால் போன ஒரு பெரியவரின் சட்டை முதுகை மட்டும் பார்த்துக்கொண்டு இரண்டு கிலோமீட்டர் போனேன். அவர் ஒரு நிமிடம் நடந்தால் நானும் நடந்தேன், அவர் ஓடினால் ஓடினேன். பேர்கூடத் தெரியாது. ஐந்து மணி நாற்பது நிமிடம் ஆனது எனக்கு. பந்தயத்துக்குக் கால வரம்பு உண்டு, எந்த மணிக்கு எந்த இடத்தைக் கடக்க வேண்டும் என்பதைப் பதிவு செய்யும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

முடித்ததும் உட்கார்ந்துவிடாதீர்கள். கால் ரத்தம் காலிலேயே தங்கி மயக்கம் வரும். பத்து நிமிடமாவது மெல்ல நடங்கள், உப்பும் இனிப்பும் உள்ளதாக ஏதாவது குடியுங்கள், ஈரச் சட்டையை மாற்றுங்கள். மறுநாள் படி ஏறுவது சுலபம், இறங்குவதுதான் கொடுமை. மின்தூக்கி பழுதானால் கைப்பிடியைப் பிடித்துப் பின்பக்கமாக இறங்குங்கள், அண்டை வீட்டார் என்ன நினைத்தால் என்ன. இரண்டு வாரத்துக்கு ஓட்டம் வேண்டாம், நடை போதும். நகம் கறுத்திருந்தால் பிடுங்காதீர்கள். கீழே புது நகம் முளைத்து வந்து சில மாதத்தில் அதுவே தள்ளிவிடும், பெரும்பாலும் காலுறையைக் கழற்றும்போது காலுறைக்குள்ளேயே கிடக்கும்.